பட்டைப் படம் எங்கே பிசகுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பிள்ளை வரைந்த பட்டை விளக்கப்படம் தப்பாக இருந்தால் நம் வாயில் முதலில் வருவது "அழிச்சிட்டு ஒழுங்கா வரை" என்பதுதான். பிள்ளையும் ரப்பரால் அழித்து, ஸ்கேல் வைத்து இன்னும் நேராகக் கோடு இழுத்து, அதே தவறை இன்னும் அழகாகச் செய்து கொண்டுவரும். பெரும்பாலான பிழைகள் கை சரியாக வராததால் வருபவை அல்ல. ஒரு கட்டம் எத்தனையைக் குறிக்கிறது என்பது மனதில் தெளிவாகாததால் வருபவை. அதனால் ரப்பரைத் தொடவிடும் முன் ஏதாவது ஒரு பட்டையைத் தொட்டுக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டை எதைப் பற்றியது? எத்தனை என்று சொல்கிறது? ஒரு கட்டத்துக்கு எத்தனை? எந்தக் கேள்வியில் தடுமாற்றம் வருகிறதோ, கோளாறு அங்கேதான்.

கீழே உள்ளவை மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் அடிக்கடி வரும் பிசகுகள். பல இடங்களில் ஒரே தரவைப் பயன்படுத்தியிருக்கிறோம்: ஐந்து தென்மாநிலங்களிலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் உள்ள மக்களவைத் தொகுதிகள். தமிழ்நாடு 39, கர்நாடகம் 28, ஆந்திரப் பிரதேசம் 25, கேரளம் 20, தெலங்கானா 17, புதுச்சேரி 1. மொத்தம் 130. பெரிய எண், சிறிய எண், ஒற்றைப்படை எண் எல்லாம் இதில் கலந்திருப்பதால் பிழைகள் ஒளிந்துகொள்ள முடியாது. பாடநூல்களில் எல்லாமே 10, 20, 30 என்று வரும் தரவு பாதிப் பிழைகளை மூடிமறைத்துவிடும்.

வரைய ஆரம்பிக்கும் முன்பே கூட்டல் இடிக்கிறது

வகுப்பில் 32 பேர். "பிடித்த பழம்" என்று கணக்கெடுத்தால் கூட்டுத்தொகை 34 வருகிறது, அல்லது 29. கை தூக்கச் சொல்லி எண்ணினால் இது நடந்தே தீரும். மாம்பழத்துக்கும் தூக்கி வாழைப்பழத்துக்கும் தூக்குவார்கள். சிலர் எதற்கும் தூக்கமாட்டார்கள். கையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். ஒரு சீட்டில் ஒரே பெயர். பட்டியலில் இல்லாததைச் சொல்பவர்களுக்கு "மற்றவை" என்று ஒரு வரிசை. சீட்டுகளின் மொத்தம் 32 வராமல் யாரும் பென்சில் எடுக்கக் கூடாது.

சீட்டு சரியாக இருந்தும் எண் தப்பினால் நேர்க்கோட்டுக் குறிகளைப் பாருங்கள். ஐந்து கோடு நிற்க வைத்து ஆறாவதாகக் குறுக்கே ஒன்று போடுவது வழக்கமான தவறு. அப்புறம் அந்தக் கட்டை ஐந்தாகவே எண்ணுவார்கள். 18 என்பது 15 ஆகிவிடும். நான்குதான் நிற்கும், ஐந்தாவது படுக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு கட்டு முடிந்ததும் "அஞ்சு" என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள். இரண்டு நாளில் சரியாகும்.

அடுக்கினால் குறைவானது உயரமாகத் தெரிகிறது

சின்ன வகுப்பில் பொருள்களை அடுக்கிக் காட்டும்போது வரும் சிக்கல் இது. ஒரு வரிசையில் புளியங்கொட்டை, இன்னொன்றில் வேப்பமுத்து, மற்றொன்றில் கூழாங்கல். 6 கூழாங்கல் 9 வேப்பமுத்தை விட நீளமாக நிற்கும். பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொல்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. எல்லா வரிசைக்கும் ஒரே அளவு பொருள் வேண்டும். காலித் தீப்பெட்டி இதற்குக் கச்சிதம், ஆனால் எல்லாம் ஒரே அளவுப் பெட்டியாக இருக்கட்டும். சுவர் ஓரமாகத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, எல்லா வரிசையும் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்று வையுங்கள். "அடிக்கோடு ஒன்றே" என்ற விதி இங்கே பதிந்தால், பின்னால் தாளில் ஒரு பட்டை அந்தரத்தில் தொங்குவதும் இன்னொன்று கோட்டுக்குக் கீழே இறங்குவதும் வராது.

எல்லாப் பட்டையும் ஒன்று கூடுதலாக, அல்லது ஒன்று குறைவாக வருகிறது

ஒரு பட்டை மட்டும் தப்பினால் கவனக்குறைவு. எல்லாமே ஒரே அளவு தப்பினால் முறை தவறு. அச்சின், அதாவது படத்தின் இடப்பக்க எண்கோட்டின், எண்களைப் பாருங்கள். அடிக்கோட்டில் 0-க்குப் பதில் 1 எழுதியிருக்கும். அல்லது எண்களைக் கோட்டுக்கு நேராக எழுதாமல் கட்டத்தின் நடுவில் எழுதியிருக்கும். பட்டையை அந்த எண்ணின் நடுவிலேயே நிறுத்தியிருக்கும்.

இதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தீப்பெட்டி அடுக்கியபோது முதல் பெட்டி 1, இரண்டாம் பெட்டி 2. எண் பெட்டிக்குச் சொந்தம். அச்சுக்கு வரும்போது எண் கோட்டுக்குச் சொந்தமாகிறது. இந்த மாற்றத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, பிள்ளையே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தீப்பெட்டி அடுக்கின் பக்கத்தில் ஒரு தாள் பட்டையை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியும் *முடியும்* இடத்தில் கோடு கிழித்து எண் எழுதச் சொல்லுங்கள். முதல் பெட்டி தொடங்கும் தரையில் என்ன எழுதுவது என்று கேளுங்கள். "இன்னும் ஒண்ணுமே வைக்கலயே" என்ற பதிலிலிருந்து 0 தானாக வந்துவிடும். அந்தத் தாள் பட்டையையே சுவரில் ஒட்டினால் அதுதான் குத்து அச்சு.

பட்டைகள் படிக்கட்டு மாதிரி ஒரே சீராக ஏறுகின்றன

எல்லாப் பிழைகளிலும் இதுதான் ஆழமானது, திருத்தவும் நேரம் பிடிக்கும். பிள்ளை தரவில் உள்ள எண்களையே எடுத்து அச்சில் அடுத்தடுத்த கோடுகளில் எழுதிவிடும்: 1, 17, 20, 25, 28, 39. ஒவ்வொரு பட்டையும் "தன்" எண் வரை போகும். பார்வைக்கு நேர்த்தியான படம். எண் எல்லாம் சரி, தலைப்பும் இருக்கிறது. திருத்துபவர் அவசரத்தில் சரி போட்டுவிடவும் வாய்ப்புண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: அச்சில் அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். இங்கே 16, 3, 5, 3, 11. எல்லாம் ஒரே எண்ணாக வரவேண்டிய இடம். கர்நாடகத்துக்கும் ஆந்திராவுக்கும் இடையே 3 தொகுதி. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே 11. இரண்டும் ஒரே ஒரு கட்ட வித்தியாசமாகத் தெரிகிறது. புதுச்சேரியைப் போல் 20 மடங்கு இருக்கவேண்டிய கேரளம் 3 மடங்காக நிற்கிறது.

"சம இடைவெளியில் எழுது" என்று மட்டும் சொன்னால் வேலைக்காகாது. ஏனென்றால் பிள்ளை சம இடைவெளியில்தான் எழுதியிருக்கிறது. இடைவெளி சமம், எண்தான் சமமாக ஏறவில்லை. செய்யவேண்டியது இது:

1. தரவுப் பட்டியலை ஒரு தாளால் மூடிவிடுங்கள். மிகப் பெரிய எண் 39 என்பதை மட்டும் சொல்லுங்கள்.
2. 0-இல் தொடங்கி 5, 10, 15 என்று 40 வரை அச்சை முதலில் எழுதச் சொல்லுங்கள். மாநிலப் பெயர்கூட இன்னும் தெரியாது.
3. இப்போது தாளை எடுத்துவிட்டு, 17 எங்கே வரும் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 15-க்கும் 20-க்கும் நடுவே, 15-க்குப் பக்கமாக. அங்கே ஒரு சிறு குறி.
4. ஆறு குறியும் போட்ட பிறகே பட்டை.

மூன்றாம் படியில் சில பிள்ளைகள் "17 அச்சில் இல்லையே" என்பார்கள். எழுதப்படாத எண்ணுக்கும் அச்சில் இடம் உண்டு என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. நோய்க்கு மூலமே அதுதான். ஸ்கேலைக் காட்டுங்கள்: 7 செ.மீ.-க்கும் 8 செ.மீ.-க்கும் நடுவே எண் எழுதியிருக்காது, ஆனாலும் ஏழரை அளக்கிறோம் இல்லையா. வாரம் ஒரு முறை எண்கோட்டில் இடம் கண்டுபிடிக்கும் பயிற்சி கொடுத்தால் இந்தப் பிழை கரையும். படம் வரையும் பயிற்சியைக் கூட்டுவதால் கரையாது.

தாளில் இடம் போதவில்லை, அல்லது பட்டைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன

அளவுத்திட்டம் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. கணக்கு இப்படி: தலைப்புக்கும் கீழே பெயர்களுக்கும் போக மேல்நோக்கி எத்தனை கட்டம் மிச்சம்? 20 என்று வைத்துக்கொள்வோம். மிகப் பெரிய எண்ணை அதால் வகுக்கவும்: 39 ÷ 20 = 1.95. இதற்குச் சமமான அல்லது அடுத்த பெரிய "நல்ல" எண் 2. எனவே 1 கட்டம் = 2 தொகுதி. தமிழ்நாடு பத்தொன்பதரைக் கட்டம், கேரளம் 10, புதுச்சேரி அரைக் கட்டம்.

நல்ல எண்கள் என்பவை 1, 2, 5, பிறகு 10, 20, 50. மூன்றும் நான்கும் ஏழும் ஏன் வேண்டாம்? மில்லிமீட்டர் வரைபடத் தாளில் 1 செ.மீ. பத்துச் சிறு கட்டமாகப் பிரிந்திருக்கும். 1 செ.மீ. = 5 என்றால் ஒரு சிறு கட்டம் 0.5, 39-க்கு 78 சிறு கட்டம் என்று எண்ணிவிடலாம். 1 செ.மீ. = 3 என்றால் ஒரு சிறு கட்டம் 0.3, 28 எங்கே விழும் என்று கணக்குப் போடவே கால்மணி ஆகும், அதுவும் கோட்டில் வந்து விழாது.

அகலத்துக்கும் முன்கணக்கு உண்டு. ஆறு பட்டை, ஆளுக்கு 2 கட்டம் அகலம், இடையில் 1 கட்டம், இரு ஓரத்திலும் 1 கட்டம்: 6 × 2 + 7 × 1 = 19 கட்டம். நோட்டில் 15 கட்டம்தான் என்றால் பட்டை அகலத்தை 1 ஆக்குங்கள். 13 கட்டத்தில் முடியும். இதைச் செய்யாமல் இடப்பக்கத்திலிருந்து வரைந்துகொண்டே போனால் கடைசி இரண்டு பட்டைகள் ஒல்லியாகி ஓரத்தில் நெருக்கிக்கொள்ளும்.

அகலம் சமமாக இல்லாததை வெறும் அழகுக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, பரப்பையும் பார்க்கிறது. இருமடங்கு அகலமான பட்டை, அதே உயரத்தில் இருந்தாலும் "அதிகம்" என்று தோன்றும்.

அச்சு சரி, பட்டை சரி, படிக்கும்போது எண் தப்பு

அச்சில் 10, 20, 30 என்று எழுதியிருக்கிறது. இரண்டு எண்களுக்கு நடுவே ஐந்து கட்டம். பட்டை 20-ஐத் தாண்டி மூன்றாவது கோட்டில் முடிகிறது. பிள்ளை "23" என்கிறது. ஒரு கட்டம் என்றால் ஒன்று என்ற பழைய பழக்கம். விடை 26.

வழி: அடுத்தடுத்த இரு எண்களின் வித்தியாசத்தை நடுவில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். 10 ÷ 5 = 2. இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கட்டங்களை எண்ணாமல் நடுவில் தெரியும் கோடுகளை எண்ணுவார்கள். கோடு நான்குதான். 10 ÷ 4 என்று போட்டு இரண்டரை இரண்டரையாக ஏறிப் போவார்கள். சரிபார்க்க ஒரே வழி, 20-இலிருந்து தாவித் தாவி எண்ணிக்கொண்டு போய் 30-இல் சரியாக வந்து இறங்குகிறதா என்று பார்ப்பது. 22, 24, 26, 28, 30. இறங்கினால் சரி.

பட்டை இரு கோட்டுக்கும் நடுவே முடிந்தால், 25-க்கும் 26-க்கும் இடையில் சண்டை வேண்டாம். "சுமார் 25" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். சரியான எண் கட்டாயம் வேண்டுமென்றால் பட்டையின் தலையில் எழுதிவைப்பது படம் வரைந்தவரின் பொறுப்பு.

இதன் வேர் சில சமயம் படவிளக்கப் படத்தில் இருக்கும். ஒரு பந்து = 4 பேர் என்று குறிப்பு இருந்தும் பந்துகளை எண்ணி "5 பேர்" என்று சொல்லும் பிள்ளை, பட்டையிலும் கட்டத்தை எண்ணும். அங்கேயே போய் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

"யாருக்கு அதிகம்?" என்றால் "39" என்கிறது

பெயர் கேட்டால் எண், எண் கேட்டால் பெயர். இது கேள்வியைக் காதில் வாங்காத பிரச்சினை. இரு அச்சுக்கும் எதைப் பற்றியது என்று பெயர் எழுதவைத்து, "யாருக்கு, எது" என்று கேட்டால் விரல் கீழ் அச்சில் முடியவேண்டும், "எத்தனை" என்று கேட்டால் இடது அச்சில் முடியவேண்டும் என்று பழக்குங்கள். சீக்கிரம் தீரும்.

சீக்கிரம் தீராத ஒன்று, "கேரளத்தை விடத் தமிழ்நாட்டுக்கு எத்தனை தொகுதி அதிகம்?" என்ற கேள்வி. பதில் 39 என்று வரும், 59 என்றும் வரும். "அதிகம்" என்ற சொல் காதில் விழுந்ததும் பெரிய எண்ணைச் சொல்வது, அல்லது கூட்டிவிடுவது. கழித்தல் தெரியாமல் இல்லை. எதைக் கழிப்பது என்று கண்ணில் தெரியவில்லை. ஒரு காகிதத்தின் நேர் விளிம்பைக் கேரளப் பட்டையின் தலையில் படுக்கையாக வையுங்கள். தமிழ்நாட்டுப் பட்டையில் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுதான் "அதிகம்". அதை வேறு வண்ணத்தில் தீட்டச் சொல்லுங்கள். 20-இலிருந்து 39 வரை, 19. பாடத்தில் வண்ணத்துக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் இதுதான். மற்றபடி ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு ஸ்கெட்ச் பேனா என்று அரைப் பீரியடைத் தொலைப்பதில் பயனில்லை.

இரண்டு அச்சிலும் எண் வந்தால் குழப்பம்

இதுவரை சரியாகச் செய்த பிள்ளையும் இங்கே கவிழும். "உனக்கு உடன்பிறந்தோர் எத்தனை பேர்?" என்று 30 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 0 என்றவர் 6 பேர், 1 என்றவர் 15, 2 என்றவர் 7, 3 என்றவர் 2. கீழ் அச்சில் 0, 1, 2, 3. பக்கவாட்டிலும் எண்.

அறிகுறிகள் மூன்று விதமாக வரும். "2" என்ற பட்டையைக் காட்டினால் "இரண்டு பேருக்கு ஏழு உடன்பிறந்தோர்" என்று தலைகீழாகப் படிக்கும். மொத்தம் எத்தனை பிள்ளைகளிடம் கேட்டார்கள் என்றால் பட்டைகளை எண்ணி "நாலு" என்கும், அல்லது கீழ் அச்சைக் கூட்டி 6 என்கும். மூன்றாவது, படமே வேறு மாதிரி: ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கீழே எழுதி 30 பட்டை வரைந்திருக்கும்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. அதற்கு முன் வரைந்த படங்களில் ஒரு பட்டை என்றால் ஒரு மாநிலம், ஒரு ஆள், ஒரு மலை. இங்கே ஒரு பட்டை ஒரு கூட்டம். பட்டைக்கு ஆள் தேவை, அதைக் கண்ணால் காட்டுங்கள்: தரையில் 0, 1, 2, 3 என்று எழுதி, பிள்ளைகளைத் தத்தம் எண்ணுக்கு நேராக வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். 2-இன் வரிசையில் ஏழு பேர் நிற்பார்கள். பிறகு கட்டத்தாளில் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் எண்ணுக்கு மேல் ஒரு கட்டத்தில் எழுதட்டும். பெயர்கள் உள்ளே தெரியும் அந்தப் படத்தையே ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு, பிறகு பெயரில்லாத பட்டைக்கு மாறுங்கள். கீழ் அச்சில் வெறும் "2" என்று எழுதாமல் "2 பேர் உள்ளவர்கள்" என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

யாருமே 4 என்று சொல்லவில்லை, ஒருவர் மட்டும் 5 என்றார் என்றால், 4-ஐ விட்டுவிட்டு 3-க்கு அடுத்து 5-ஐ ஒட்டிவிடுவார்கள். 4-க்கு இடம் விடவேண்டும். அங்கே பட்டை இல்லாததும் ஒரு தகவல்.

பட்டைகளின் தலையைக் கோட்டால் இணைக்கிறது. பட்டைகளை ஒட்டி வரைகிறது

மாநிலப் பெயர்களுக்கு இடையே கோடு இழுத்தால் அந்தக் கோட்டின் நடுப்புள்ளிக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் "நடுவில்" ஒரு மாநிலம் கிடையாது. கோடு காலம் ஓடும்போதுதான் பொருந்தும். பட்டைப் படத்தின் தொடக்கமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது: 1786-இல் வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் வணிகத்தைப் பல ஆண்டுக் கோடுகளாக வரைந்தார், ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஓராண்டுத் தரவே கிடைத்ததால், நாடுவாரியாகப் படுக்கைப் பட்டைகள் போட்டார். பட்டை நின்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை என்பதற்கும் அது சான்று. நீளமான பெயர்கள் வந்தால் படுக்கை வாட்டமே வசதி. பெயரைத் தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டியதில்லை.

ஒட்டி வரைவது எட்டாம் வகுப்பில் நிகழ்வுச் செவ்வகம் (histogram) வரும்போது வேறு பொருள் பெறும். அங்கே கீழ் அச்சு தொடர்ச்சியான எண், இடைவெளி கூடாது. இப்போதே இடைவெளி விடப் பழகினால் அப்போது குழம்பாது.

சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது

மலைச் சிகரங்களை எடுத்துக்கொள்வோம்: ஆனைமுடி 2695 மீட்டர், தொட்டபெட்டா 2637 மீட்டர். இடம் மிச்சம் பிடிக்க அச்சை 2600-இல் தொடங்கி 1 செ.மீ. = 10 மீட்டர் என்று வரைந்தால் ஒன்று 9.5 செ.மீ., மற்றொன்று 3.7 செ.மீ. ஆனைமுடி இரண்டரை மடங்கு உயரமாகத் தெரியும். 0-இல் தொடங்கி 1 செ.மீ. = 200 மீட்டர் என்று வரைந்தால் வித்தியாசம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. பட்டையின் நீளம்தான் எண். அடியை வெட்டினால் நீளம் பொய் சொல்லும். பட்டைக்கு அச்சு 0-இல்தான் தொடங்கவேண்டும் என்பதை இங்கே விதியாகவே சொல்லிவிடலாம். இரண்டையும் வரையச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு சொன்னால் விளக்கமே தேவைப்படாது. அடுத்த வேலையாக நாளிதழ் விளம்பரங்களிலும் தேர்தல் நேரப் படங்களிலும் அடி வெட்டிய பட்டைகளைத் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கணினியில் போட்டால் தேவையில்லாத பட்டை ஒன்று வானத்தைத் தொடுகிறது

எக்செல்லில் முதல் நெடுவரிசையில் 2021, 2022, 2023 என்று ஆண்டுகளும், அடுத்ததில் எண்ணிக்கையும் போட்டிருப்பார்கள். எக்செல் ஆண்டையும் தரவாக எடுத்துக்கொண்டு இரண்டாயிரம் உயரத்துக்குப் பட்டை போட்டுவிடும். உண்மையான தரவு தரையோடு தரையாக நசுங்கும். இடது மேல்மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டு, தரவைத் தேர்ந்தெடுத்து மறுபடி படம் போட்டால் பொதுவாகச் சரியாகும். அல்லது ஆண்டுக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி (') இட்டு அதை எழுத்தாக மாற்றுங்கள். எக்செல்லில் "பார்" (Bar) என்பது படுக்கைப் பட்டை, "காலம்" (Column) என்பது நிற்கும் பட்டை. முப்பரிமாணப் பட்டைகளைத் தொடவேண்டாம். தலை எந்தக் கோட்டில் முடிகிறது என்று பெரியவர்களாலும் சொல்ல முடியாது. பட்டை உயரங்கள் சந்தேகமாக இருந்தால் அச்சின் கீழ்முனையைப் பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது எக்செல் தானாகவே 0-ஐ விட்டுவிட்டு மேலே தொடங்கியிருக்கலாம். அச்சின் அமைப்பில் குறைந்தபட்ச மதிப்பை 0 என்று கையால் இடவேண்டும்.